பேட்டைக்கென்று ஒதுக்கிய பணம்: மினியாபொலிஸ், 1990–2020

1950இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 5,21,718 பேர் குடியிருந்தார்கள். 1990 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 3,68,383 பேர். நாற்பது ஆண்டுகளில் ஒன்றரை லட்சம் பேர் குறைந்திருந்தார்கள். அதே காலத்தில் நகர மையம் மட்டும் மேலே மேலே எழும்பிக்கொண்டிருந்தது: 1967இல் நிக்கலெட் மால், 1973இல் 57 மாடி ஐடிஎஸ் கோபுரம், 1982இல் மெட்ரோடோம் விளையாட்டரங்கம். மையத்தைச் சுற்றியிருந்த பேட்டைகளிலோ கூரை ஒழுகும் மரவீடுகளும் பூட்டிய கடைகளும் பெருகின. மையத்துக்குக் கொட்டும் பணத்தில் எங்களுக்கு என்ன பங்கு என்று பேட்டைவாசிகள் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்விக்கு 1990இல் சட்டமாகவே ஒரு பதில் கிடைத்தது. கிடைத்த பதிலைக் காப்பாற்ற அவர்கள் அடுத்த முப்பது ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

நம் ஊர் நலச் சங்கங்கள் பெரும்பாலும் உறுப்பினர் சந்தாவில் ஓடுபவை. குடியிருப்போர் சங்கத்துக்கு மாநகராட்சியே ஆண்டுதோறும் பணம் தரும் ஏற்பாடு நமக்குப் புதிதாகத் தோன்றலாம். அமெரிக்காவில் அதற்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. வறுமை ஒழிப்புக்கான 1964ஆம் ஆண்டுச் சட்டம், ஏழைகளுக்கான திட்டங்களில் அந்த ஏழைகளே இயன்றவரை பங்கேற்க வேண்டும் என்றது. 1966இல் வந்த மாதிரி நகரங்கள் திட்டம் அதைப் பேட்டை அளவுக்குக் கொண்டுசென்றது. 1974இல் கூட்டாட்சி அரசு பல தனித்தனி மானியங்களை ஒன்றாக்கி, சமூக மேம்பாட்டுத் தொகுப்பு மானியமாக நகரங்களின் கையில் கொடுத்தது. அதே ஆண்டில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து, மேயர் நீல் கோல்ட்ஷ்மிட் காலத்தில், பேட்டைச் சங்கங்களுக்கென்று தனி அலுவலகம் திறந்தது. மினியாபொலிஸின் இரட்டை நகரமான செயின்ட் பால், 1970களின் நடுவில் தன்னை 17 வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு மன்றம் என்று அமைத்துக்கொண்டது.

இவை எல்லாவற்றிலும் பேட்டைக்குக் கிடைத்தது பேசும் உரிமையும், அலுவலகம் நடத்த ஒரு சிறு தொகையும்தான். மினியாபொலிஸ் செய்தது வேறு. எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யும் அதிகாரத்தோடு சேர்த்துப் பணத்தைக் கொடுத்தது.

மேயர் டொனால்ட் ஃப்ரேசர் காலத்தில், 1980களின் பிற்பகுதியில், பேட்டைகளைச் சீரமைக்க எவ்வளவு ஆகும் என்று ஆராய்ந்தபோது வந்த மதிப்பீடு முந்நூறு கோடி டாலரைத் தாண்டியது. நகராட்சியால் நினைத்தும் பார்க்க முடியாத தொகை அது. ஆகவே ஒரு சிறிய, ஆனால் நிச்சயமான ஊற்றைத் தேடினார்கள். அது நகர மையத்திலேயே இருந்தது. ஒரு பகுதியில் நகராட்சி கடன் வாங்கி மேம்பாட்டுப் பணி செய்தால் அங்கே சொத்து மதிப்பு ஏறும், சொத்துவரியும் கூடும். அப்படிக் கூடிய வரியை மட்டும் தனியே ஒதுக்கிக் கடனை அடைப்பது அமெரிக்க நகரங்களில் வழக்கம்; ‘டாக்ஸ் இன்க்ரிமென்ட்’ என்பார்கள். மையத்தின் இந்த வருவாயிலிருந்து ஆண்டுக்கு 2 கோடி டாலர் வீதம் இருபது ஆண்டுகளுக்குப் பேட்டைகளுக்குத் தருவது என்று 1990இல் மினசோட்டா சட்டமன்றம் வழி செய்தது. மொத்தம் 40 கோடி டாலர். பேட்டைப் புத்துயிர்ப்புத் திட்டம் என்று அதைச் சொல்லலாம். அங்குள்ளவர்களுக்கு அது ‘என்ஆர்பி’.

சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. பணத்தில் குறைந்தது 52.5 சதவீதம் வீட்டுவசதிக்குப் போக வேண்டும். மற்றபடி முடிவு பேட்டையின் கையில். சங்கம் முதலில் திட்டக் குழு அமைத்தது. வீடு வீடாகக் கருத்துக் கேட்டது, கூட்டம் கூட்டியது, வரைவு எழுதியது, பேட்டைவாசிகளின் வாக்குக்கு விட்டது. பிறகு நகரம், மாவட்டம், பள்ளி வாரியம், பூங்கா வாரியம், நூலக வாரியம் ஆகியவற்றின் பிரதிநிதிகள் அமர்ந்த கொள்கை வாரியமும், இறுதியாக நகர மன்றமும் ஒப்புதல் தந்தன. நகரின் 81 பேட்டைகளும் நிலைமைக்கேற்ப மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன. நொடிந்த பேட்டைக்குக் கூடுதல் பங்கு. திட்டம் எழுதி முடிக்கவே பல பேட்டைகளுக்கு ஆண்டுகள் பிடித்தன. பொறுமையைச் சோதித்த அந்த ஆண்டுகள் வீண் போகவில்லை. பட்ஜெட் வாசிக்கவும், அதிகாரியிடம் கணக்குக் கேட்கவும், எதிர்க்கருத்துக்காரரோடு ஒரே மேசையில் உட்காரவும் ஆயிரக்கணக்கானோர் பழகியது அப்போதுதான். பின்னாளில் நிதிக்கு ஆபத்து வந்தபோது மன்ற அரங்குக்குத் திரண்டு வந்ததும் இந்தப் பழக்கம் உள்ளவர்கள்தான்.

அதே ஆண்டுகள் இன்னொரு விளைவையும் விட்டுச் சென்றன. வீட்டுவசதிப் பணத்தில் பெரும்பகுதி, சொந்த வீட்டுக்காரர்கள் கூரை மாற்றவும் ஜன்னல் பொருத்தவும் குறைந்த வட்டிக் கடனாகப் போனது. நகரின் குடும்பங்களில் ஏறக்குறைய பாதி வாடகைக்கு இருந்தவை. இருந்தும் சங்கக் கூட்டங்களில் வாடகைதாரர்கள் சொற்பம். ஆண்டுக்கொரு முறை வீடு மாறுபவருக்கும், இரவு வேலைக்குப் போகிறவருக்கும், புதிதாக வந்த சோமாலிக் குடும்பத்துக்கும் மூன்றாண்டுத் திட்டக் கூட்டங்கள் எட்டாதவை. எலெனா ஃபகோட்டோவும் ஆர்ச்சன் ஃபங்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, இத்திட்டம் பேட்டைகளின் திறனை வளர்த்ததைப் பாராட்டியதோடு, வீட்டு உரிமையாளர்களின் கை ஓங்கியிருந்ததையும் பதிவு செய்தது. நிதியைக் காக்கும் போராட்டத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரே இடத்தில் வேர்விட்டவை.

முதல் அடி எதிர்பாராத திசையிலிருந்து விழுந்தது. 2001இல், ஜெஸ்ஸி வென்ச்சுரா ஆளுநராக இருந்தபோது, மாநிலம் சொத்துவரி முறையை மாற்றியது. வணிகச் சொத்துகளின் வரி குறைந்தது. பேட்டைகளை ஒழிக்கும் நோக்கம் அதில் எவருக்கும் இருந்ததில்லை. ஆனால் பேட்டை நிதியின் ஊற்றே மையத்து வணிகக் கட்டடங்களின் வரிதான். முதல் பத்தாண்டு முடிந்து இரண்டாம் கட்டம் தொடங்கும் வேளையில், வாக்களித்த தொகை கண்முன்னே சுருங்கியது. சட்டமன்றத்துக்கும் நகர மன்றத்துக்கும் சங்கத்தார் அலைந்த அலைச்சலில் திட்டம் உயிர் தப்பியது. பழைய அளவு திரும்பவில்லை.

இரண்டாவது அடி 2010 டிசம்பரில். மந்தநிலையால் மாநில உதவி குறைந்து, வீட்டுவரி ஏறிக்கொண்டிருந்த நேரம். மேயர் ஆர்.டி. ரைபாக் காலத்து நகர மன்றம், இரண்டாம் கட்ட நிதியில் இன்னும் செலவிடப்படாத பகுதியை முடக்கி, வரி உயர்வைத் தணிக்கப் பயன்படுத்த முடிவு செய்தது. சங்கங்கள் கொதித்தன. செலவிடப்படாத பணம் என்றால் தேவையற்ற பணம் என்று பொருளில்லை, பேட்டை வாக்களித்து ஒதுக்கிய பணம் என்று அவை வாதிட்டன. நியாயமான வாதம். நிதானமாகத் திட்டமிட்ட பேட்டையின் கையில்தான் அதிகப் பணம் மிச்சமிருந்தது. முடக்கம் அதையே தண்டித்தது.

இங்கே நாட்காட்டியைக் கவனிக்க வேண்டும். மினியாபொலிஸில் மேயர் ஆகஸ்டில் பட்ஜெட்டை முன்வைக்கிறார். செப்டம்பரில் மதிப்பீடு மற்றும் வரி வாரியம் வரியின் உச்ச வரம்பை முடிவு செய்கிறது. டிசம்பரில் பொது விசாரணை, அதன்பின் மன்ற வாக்கெடுப்பு. செப்டம்பர் வரம்பை டிசம்பரில் குறைக்கலாம், கூட்ட முடியாது. ஆகவே டிசம்பர் விசாரணையில் அரங்கம் நிறையக் கூடிப் பேசுபவர், இன்னொரு துறையின் பங்கைத்தான் கேட்க முடியும்: தீயணைப்பையோ, சாலையையோ. கோடையிலேயே மன்ற உறுப்பினர்களைச் சந்தித்த சங்கத்துக்கும், பனிக்காலத்தில் பதாகை தூக்கிய சங்கத்துக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

லாஸ் ஏஞ்சலிஸ் இன்னொரு பாடம் தருகிறது. சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு நகரிலிருந்து பிரிந்து போகத் துடித்த காலத்தில், 1999இல் நிறைவேறிய புதிய நகர சாசனம் பேட்டை மன்றங்களை உருவாக்கியது. ஆனால் அவற்றுக்கு நிதி ஒதுக்கியே தீர வேண்டும் என்று சாசனம் கட்டளையிட்டது முதல் இரண்டு நிதியாண்டுகளுக்கு மட்டும். மன்றத்துக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் என்று தொடங்கியது, பட்ஜெட் நெருக்கடிதோறும் தேய்ந்து ஒரு கட்டத்தில் 32,000க்கு இறங்கியது. மன்றங்கள் இருப்பது சாசனத்தின் உறுதி. அவை எதைக் கொண்டு இயங்கும் என்பது ஆண்டுதோறும் நடக்கும் பேரம்.

போர்ட்லாந்தில் சண்டை வேறு கோணத்தில் வெடித்தது. பேட்டைகளுக்கான நிதிப் பகிர்வு முறை காலாவதியாகிவிட்டது என்று நகரத் தணிக்கையாளர் 2016இல் எழுதினார். 2019இல் ஆணையர் க்ளோயி யூடாலி, பேட்டைச் சங்கங்களுக்கு நகர விதியில் இருந்த தனித்த இடத்தை நீக்கி, இனக்குழு அமைப்புகளுக்கும் வாடகைதாரர்களுக்கும் இடம் தரும் திருத்தத்தை முன்வைத்தார். சங்கத்தார் திரண்டு எதிர்த்தார்கள், திருத்தம் நிறைவேறவில்லை. 2020 தேர்தலில் யூடாலி தோற்றார். வென்ற மிங்கஸ் மேப்ஸ், பேட்டைச் சங்கங்களுக்கான நகர அலுவலகத்தில் முன்பு பணியாற்றியவர். சங்கங்களுக்கு அது வெற்றி. ஆனால் யூடாலி எழுப்பிய கேள்வி, அதாவது இந்தச் சங்கங்கள் யாருக்காகப் பேசுகின்றன என்பது, வாக்கெடுப்பால் தீரக்கூடியதல்ல.

மினியாபொலிஸிலும் அந்தக் கேள்வியே மூன்றாவது அடியானது. என்ஆர்பி 2011இல் நகரத் துறை ஒன்றோடு கலந்துவிட்டது. 2008இல் சட்டமன்றம் அனுமதித்த நீட்டிப்பின்படி, பேட்டைகளுக்கான வரி வருவாய் 2020 வாக்கில் முடியவிருந்தது. அதற்குப் பிறகு என்ன என்று வகுக்க ‘நெய்பர்ஹுட்ஸ் 2020’ என்ற நீண்ட கலந்தாய்வு நடந்தது. சங்க நிர்வாகக் குழுக்கள் பேட்டையின் இன, வருமானக் கலவையைப் பிரதிபலிக்க வேண்டும் என்ற யோசனை கூட்டங்களைச் சூடாக்கியது. தன்னார்வலர்களுக்கு இது சுமை என்றனர் சிலர். முப்பது ஆண்டுகள் பொறுத்தோம் என்றனர் வேறு சிலர். இறுதியில் எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான அடிப்படைத் தொகை சுருங்கியது. வறுமை, வாடகைச் சுமை போன்றவற்றைக் கணக்கில் எடுக்கும் சமத்துவப் பங்கேற்பு நிதி அதன் பக்கத்தில் வளர்ந்தது. வசதியான பேட்டைகள் இழந்தன. தொகை குறைந்த சில சங்கங்கள் அண்டைச் சங்கங்களோடு இணைவது பற்றிப் பேசத் தொடங்கின.

இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த 2020 மே மாதத்தில்தான் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் நகரக் காவலர் ஒருவரால் கொல்லப்பட்டார். அது நடந்த 38ஆம் தெரு–சிகாகோ அவென்யூ சந்திப்பு பவுடர்ஹார்ன் பார்க், சென்ட்ரல், பிரையன்ட், பான்கிராஃப்ட் என்ற நான்கு பேட்டைகள் கூடும் முனை. சொந்த வீட்டுக்காரருக்கு ஜன்னல் மாற்றக் கடன் தருவதில் தேர்ந்த ஓர் அமைப்பு முறையிடம், வாடகைதாரரும் கறுப்பினத்தவரும் காவல்துறையின் பிடியில் வாழும் நிலை பற்றி ஊர் கேட்டது. நிதியைக் காக்கக் குரல் கொடுக்கும் சங்கங்கள் அன்றிலிருந்து தம் உறுப்பினர் பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. 1990 சட்டம் தந்த இருபது ஆண்டு உறுதி முடிந்துவிட்டது. நிதியைக் காப்பது, மேயரின் ஆகஸ்ட் பட்ஜெட்டுக்கு முன்பே பேச்சைத் தொடங்கி, டிசம்பர் வரை ஆண்டுதோறும் தொடர வேண்டிய வேலை.