தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்

அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளையும் அறுவைச் சிகிச்சைப் பொருள்களையும் கருவிகளையும் மொத்தமாகக் கொள்முதல் செய்து வழங்கும் தமிழ்நாடு அரசு நிறுவனம். கம்பெனிகள் சட்டத்தின்கீழ் 1994 ஜூலையில் பதிவாகி, 1995 ஜனவரியில் பணியைத் தொடங்கியது. தலைமையகம் சென்னை எழும்பூரில் உள்ளது.

அதற்கு முன் சுகாதாரத் துறையின் இயக்ககங்களே மருந்து வாங்கின. ஓர் ஆஸ்பத்திரியில் தேங்கிக் காலாவதியாகும் மாத்திரை அடுத்த ஊரில் கிடைக்காது. விலை, தரம் இரண்டைப் பற்றியும் புகார்கள் ஓயவில்லை. கொள்முதலைத் துறையிலிருந்து பிரித்துத் தனி நிறுவனத்திடம் ஒப்படைப்பதென அரசு முடிவெடுத்தது. அதற்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் இந்திய ஆட்சிப் பணி அலுவலர் ஆர்.பூரணலிங்கம்.

கழகம் கொண்டுவந்தவற்றில் பாஸ்புக் முறையே மிகக் கெட்டிக்காரத்தனமானது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஆண்டு ஒதுக்கீடு ரூபாய்க் கணக்கில் ஒரு பாஸ்புக்கில் எழுதப்படும். மாவட்ட மருந்துக் கிடங்கிலிருந்து எடுக்கும் சரக்கின் மதிப்பு அதில் கழியும். மேலிருந்து அனுப்பியதை வாங்கி அடுக்கிவைத்த நிலை போய், எது தேவை என்பதை மருத்துவமனையே தீர்மானிக்கும் நிலை வந்தது. வேண்டாததை எடுத்தால் இருப்புக் குறையும் என்பதால் விரயமும் மட்டுப்பட்டது.

டெண்டர் இரண்டு உறைகளில் பெறப்படுகிறது. முதல் உறையில் உள்ள தகுதிச் சான்றுகள் தேறினால்தான் விலை உறை பிரிக்கப்படும். வந்து சேரும் ஒவ்வொரு தொகுப்பிலும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்து, குறியீட்டு எண்ணுடன் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். யாருடைய சரக்கைச் சோதிக்கிறோம் என்பது ஆய்வகத்துக்கே தெரியாது. தேறாத சரக்கு திருப்பி அனுப்பப்படும். தவறு தொடர்ந்தால் நிறுவனம் கறுப்புப் பட்டியலில் சேரும். டப்பாவிலிருந்து எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்த மாத்திரைகள், அரசு முத்திரையும் விற்பனைக்கல்ல என்ற வாசகமும் தாங்கிய அட்டைகளாக மாறின. கடைக்குத் திருட்டுத்தனமாகப் போகும் வழியை அடைக்க இந்த எளிய அச்சு பெரிதும் உதவியது.

கிடங்கு இருப்பைத் தொடக்கம் முதலே கணினியில் கண்காணித்ததும் குறிப்பிடத்தக்கது. பின்னர் குறைந்த கட்டணத்தில் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மையங்களையும் கழகம் நடத்தத் தொடங்கியது.

குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. மையப் பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துக்கும் திடீர்த் தட்டுப்பாட்டுக்கும் மருத்துவமனைகள் உள்ளூர்க் கொள்முதலையே நம்பவேண்டியிருக்கிறது. ஆயினும், பொதுப் பணத்தில் வாங்கும் மருந்தைக் குறைந்த விலையில் தரம் பார்த்து வாங்க அரசாலும் முடியும் என்பதைக் கழகம் மெய்ப்பித்தது. இதே பாணியில் கேரளம் 2007-லும் ராஜஸ்தான் 2011-லும் தத்தம் மருத்துவப் பணிகள் கழகங்களை நிறுவின.