புதுச்சேரியும் உயிரினப் பெயரீடும்

பேரினத்தைச் சுட்டும் ஒரு சொல்லோடு சிற்றினத்தைச் சுட்டும் மற்றொரு சொல்லைச் சேர்த்து உயிரினங்களுக்கு இலத்தீன் வடிவில் பெயர் சூட்டும் இருசொற்பெயரீட்டு முறையை, சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் தாவரங்களுக்கு 1753-லும் விலங்குகளுக்கு 1758-லும் நிலைநிறுத்தினார். அதன்பின் ஐரோப்பிய இயற்கையியலாளர் பலர் இத்தகைய பெயர் பெறாத உயிர்களைத் தேடிக் கீழை நாடுகளுக்குக் கப்பலேற, பிரெஞ்சியர் வசமிருந்த புதுச்சேரி அவர்களுக்குத் தங்குதளமாயிற்று. அவ்வுயிர்களுக்கு ஊர்மக்கள் வழங்கிவந்த பெயர்கள் முன்னமே இருந்தன என்பது வேறு செய்தி.

அவ்வாறு வந்த பியேர் சொன்னரா, 1782-இல் பாரிசில் வெளியிட்ட பயண நூலில் தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியை விவரித்து, வீட்டுக்கோழிக்கு மூதாதை அதுவே என்று கருதினார். மெழுகுப் பொட்டு வைத்தாற்போன்ற மஞ்சள் புள்ளிகள் கழுத்திறகுகளில் மின்னும் சேவலையுடைய இப்பறவைக்கு, 1813-இல் டச்சு விலங்கியலாளர் டெம்மின்க் 'காலஸ் சொன்னராட்டி' என்று பெயரிட்டார். முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழியே என்று பின்னர் தெளிந்தபோது சொன்னராவின் கருத்து கைவிடப்பட்டது. ஆயினும் வீட்டுக்கோழிகள் பலவற்றின் தோலையும் காலையும் மஞ்சளாக்கும் மரபணு வடிவம் இனக்கலப்பின் வழியே சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்கலாம் என்று 2008-இல் வெளியான ஆய்வொன்று காட்டியதால், அவர் சொன்னதை முழுத் தவறென்று தள்ளிவிடவும் இயலாது.

தாவரங்களின் கதை சற்று வேறு. ஒரு சிற்றினப் பெயர் எந்த உயிரைக் குறிக்கிறது என்ற ஐயம் எழுந்தால், அப்பெயருக்கு ஆதாரமாகப் பாதுகாக்கப்படும் 'வகைமாதிரி' என்ற மாதிரியே தீர்ப்பளிக்கும். 1816-இல் புதுச்சேரிக்கு வந்து நீலகிரி வரை சென்று செடிகளைத் திரட்டிய லெஷனோவின் சேகரிப்பு பாரிசு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆகவே இம்மண்ணில் முளைத்த செடியைச் சரிபார்க்க விரும்பியவர் கடல்கடந்து செல்ல வேண்டியிருந்தது. 1826-இல் தோன்றிய தாவரவியல் பூங்காவும், அதைப் பின்னர் வளர்த்த பெரோத்தேயின் உழைப்பும் வேற்றுநாட்டு மரங்களை நகருக்குக் கொண்டுவந்தனவே தவிர இக்குறையைத் தீர்க்கவில்லை. 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரத் தொகுப்பு உருவானபின்னரே, மேற்குத் தொடர்ச்சி மலைச் செடிகளை, நாளிதழ்த் தாளிடையே அழுத்தி உலர்த்தி, சேகரித்த இடமும் நாளும் குறித்த அட்டைகளோடு, புதுச்சேரியிலேயே ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறந்தது.