கையெழுத்திடும் பெற்றோர்: தமிழ்நாட்டு விளையாட்டுப் பள்ளிகளின் விதிகள் உருவான வரலாறு

வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. சாலையையும் புறநகர் ரயிலையும் பற்றிக்கொண்டு வளர்ந்த ஊர் ஊரப்பாக்கம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2023 டிசம்பர் 30 அன்று பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் மிகுந்த இத்தகைய புறநகரில் மூன்று வயதுக் குழந்தையை அனுப்ப மூன்று இடங்கள் உண்டு: அரசின் அங்கன்வாடி, தனியார் பிளே ஸ்கூல் எனும் விளையாட்டுப் பள்ளி, பெரிய பள்ளியின் எல்.கே.ஜி. வகுப்பு. பிளே ஸ்கூலில் சேர்க்கும் நாளில் பெற்றோர் முன் ஒரு படிவம் நீட்டப்படும். காய்ச்சல் இருந்தால் அனுப்பக் கூடாது, அழைத்துப்போக வருபவர் யார் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும், கட்டிய கட்டணம் திரும்பாது, வகுப்பறைக்குள் பெற்றோர் வரக் கூடாது என்ற வகையில் நிபந்தனைகள் இருக்கும். படித்துப் பார்ப்பவர்கள் சிலர்; கையெழுத்திடுபவர்கள் எல்லோரும்.

இந்தப் படிவம் எங்கிருந்து வந்தது? பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலான விதிகளைக் காலந்தோறும் யார் எழுதினார்கள், அதில் பெற்றோருக்கு என்ன பங்கு கிடைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கல்வி பற்றி இந்தியச் சட்டம் உறுதியாக எதையும் சொன்னதில்லை. எனவே எந்தக் காலத்தில் யார் கை ஓங்கியிருந்ததோ அவர்களே விதியை எழுதினார்கள். பெற்றோரின் கை ஓங்கியபோது அவர்கள் கேட்டது பெரும்பாலும் விளையாட்டை அல்ல என்பது இவ்வரலாற்றின் சங்கடமான பகுதி.

ரோமிலிருந்து அடையாறுக்கு

விளையாட்டு, கைவேலை வழியாகக் கற்கும் பள்ளிக்கு ஃபிரெடரிக் ஃப்ரோபெல் 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் வித்திட்டார். தாய்மார் குழந்தையோடு பாடி விளையாடுவதற்கென்றே 1844-இல் ஒரு நூலும் வெளியிட்டார். ஆனால் பெற்றோரின் கடமைகளை விதிகளாக எழுதி மாட்டிவைத்த பள்ளி என்றால் 1907-இல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி தொடங்கிய ‘குழந்தைகள் இல்லம்’தான் நினைவுக்கு வருகிறது.

அதன் பின்னணி சுவையானது. ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றை ஒரு கட்டட நிறுவனம் வாங்கிச் செப்பனிட்டது. பெற்றோர் வேலைக்குப் போனபின் குழந்தைகள் சுவர்களையும் படிக்கட்டுகளையும் பாழாக்கினார்கள். பழுதுபார்க்கும் செலவை மிச்சம்பிடித்து அந்தப் பணத்தில் ஒரு பள்ளி நடத்தலாம் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஆக, முதல் விதிகளுக்குப் பின்னால் நின்றவர் வீட்டுச் சொந்தக்காரர். மூன்று முதல் ஏழு வயதுவரை கட்டணமில்லை. குழந்தையைக் குளிப்பாட்டிச் சுத்தமான உடையில் அனுப்ப வேண்டும். பள்ளித் தலைவியிடம் மரியாதையாக நடக்க வேண்டும். வாரம் ஒருமுறையேனும் தாய் வந்து குழந்தையைப் பற்றிப் பேச வேண்டும். அழுக்காக வரும் குழந்தையும், மரியாதை தவறிய பெற்றோரின் குழந்தையும் நீக்கப்படலாம். கடுமையான விதிகள்தாம், பெற்றோர் செய்த தவறுக்குக் குழந்தையை வெளியேற்றுவது எந்தக் கல்விக் கொள்கையிலும் நியாயமாகாது. ஆயினும் அதே பள்ளியில் தாய்மார் எந்த நேரத்திலும் உள்ளே வந்து பார்க்கலாம் என்பதை மாண்டிசோரி தம் தொடக்க உரையில் பெருமையோடு குறிப்பிட்டார். பள்ளி அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

பிரம்மஞான சபையின் அழைப்பில் மாண்டிசோரி 1939-இல் அடையாறு வந்தார். ஓல்காட் தோட்டத்தில் நடந்த முதல் பயிற்சிக்குச் சுமார் 300 பேர் வந்து சேர்ந்தார்கள். 1940-இல் இத்தாலி போரில் இறங்கவே ஆங்கில அரசு அவர் மகன் மாரியோவைக் காவலில் வைத்தது. மாண்டிசோரியின் 70-ஆம் பிறந்தநாளில், 1940 ஆகஸ்ட் 31 அன்று, மகனை விடுவித்தது. போர் முடியும்வரை இந்தியாவில் தங்க நேர்ந்த மாண்டிசோரி கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் பணியாற்றினார். அவருடைய ‘உள்வாங்கும் மனம்’ நூல் ஆங்கிலத்தில் 1949-இல் சென்னையிலிருந்தே வெளிவந்தது.

அடையாறு வழியாக ஆசிரியர் பயிற்சி வந்தது, கருவிகள் வந்தன, குழந்தையைக் கவனிக்கும் முறை வந்தது. சான் லொரென்சோவின் குடியிருப்பு வரவில்லை. ரோமில் கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை இங்கே பெரும்பாலும் கட்டணம் செலுத்தக்கூடிய நகரக் குடும்பங்களிடம் போய்ச் சேர்ந்தது. தாய் எந்நேரமும் உள்ளே வரலாம் என்ற ஏற்பாடும் அந்தப் பயணத்தில் எங்கோ நழுவிவிட்டது.

பால்வாடியும் தராசும்

மறுபக்கம், கிராமத்து ஏழைக் குழந்தைக்கான வழி வேறு திசையிலிருந்து வந்தது. குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேக்கா 1920-இல் பால மந்திரைத் தொடங்கினார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக் 1945-இல் பம்பாய்க்கு வடக்கே போர்டியில் வேலை தொடங்கியபோது, குழந்தைகள் பள்ளிக்கு வராத நிலையில் பள்ளியை அவர்கள் வீட்டு முற்றங்களுக்கே கொண்டுபோனார். விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதில் கூழாங்கல், விதை, இலை என்று அக்கம்பக்கத்தில் கிடைப்பதைக் கொண்டு விளையாட வைத்தார். முற்றத்தில் நடக்கும் பள்ளியில் தாயை வெளியே நிறுத்த முடியாது. விதி எழுத வேண்டிய தேவையும் எழவில்லை.

அரசின் ஆர்வம் இதைவிட மெதுவானது. 1944-ஆம் ஆண்டு சார்ஜென்ட் அறிக்கை 10 லட்சம் குழந்தைகளுக்கு இலவச மழலையர் பள்ளி வேண்டுமென்றது. அது ஏட்டோடு நின்றது. 1953-இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் அமைந்த மத்திய சமூக நல வாரியம் தொண்டு நிறுவனங்கள் நடத்திய பால்வாடிகளுக்கு மானியம் கொடுத்தது. 1972-இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு, ஊட்டச்சத்து, உடல்நலம், விளையாட்டு மூன்றையும் பிரிக்காமல் தர வேண்டும் என்று அறிக்கை அளித்தது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்துக்கு அதுவும் ஓர் அடித்தளம். திட்டத்தின் ஆறு சேவைகளில் ஒன்று 15 முதல் 45 வயதுவரையுள்ள பெண்களுக்கான ஊட்டச்சத்து, உடல்நலக் கல்வி. பெற்றோர் இங்கே பாடம் கேட்பவர். அதிலும் தாய் மட்டுமே. தந்தை என்றொருவர் இருப்பதாகவே திட்டம் காட்டிக்கொள்ளவில்லை.

தமிழ்நாட்டில் இந்த உறவு வேறுவிதமாக அமைந்த ஒரு முயற்சியும் உண்டு. உலக வங்கி உதவியோடு 1980-இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தைச் சொல்கிறேன். அது பள்ளி அல்ல; மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானது. மாதந்தோறும் குழந்தையை எடைபோட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார்கள். கோடு தாழ்ந்தால் 90 நாளுக்கு மட்டும் கூடுதல் உணவு. அந்த உணவைத் தயாரிக்கும் பொறுப்பு பல ஊர்களில் மகளிர் குழுக்களிடம் இருந்தது. கோடு ஏன் தாழ்கிறது என்பதை ஊட்டச்சத்துப் பணியாளர் தாயோடு உட்கார்ந்து பேசுவார். பள்ளிக்கூட வாசனையே இல்லாத அந்தத் தாய் தன் குழந்தையின் வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். நான் பார்த்தவரை, தமிழகத்துக் குழந்தைநலத் திட்டங்களில் பெற்றோரைத் தகவல் அறிந்த பங்காளியாக நடத்தியதில் இதற்கு இணையாகச் சொல்ல வேறொன்று இல்லை. விளையாட்டுக்கு இதுபோல ஓர் அட்டையை எவரும் உருவாக்கவில்லை. குழந்தை மணலில் அளந்து ஊற்றுவதும், சொப்பு வைத்துக் கூட்டாஞ்சோறு ஆக்குவதும் கணக்குக்கும் மொழிக்கும் அடிப்படை என்று கல்வியாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். தாயின் கையில் கொடுக்கும்படியான சான்றாக அது மாறவில்லை.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் கிராமந்தோறும் குழந்தைகள் மையங்களைக் கொண்டுவந்தது. கட்டடமும் ஆயாவும் அடுப்பும் ஊருக்குள் நிலைத்தன. இன்று மாநிலத்தில் 54,439 அங்கன்வாடி மையங்கள் உள்ளன. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று மாதத்துக்கொரு கருப்பொருளோடு அவற்றுக்கெனப் பாடத்திட்டமும் உண்டு. தாளில் பார்த்தால் தமிழ்நாட்டின் மிகப் பெரிய விளையாட்டுவழிப் பள்ளி அங்கன்வாடிதான். பெற்றோரின் கண்ணில் அது சோறு போடும் இடமாகவே தங்கிவிட்டது.

வெளியேறுதலும் குரலும்

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் ஒரு பாகுபாட்டை முன்வைத்தார். ஒரு நிறுவனம் பிடிக்காதவர்முன் இரண்டு வழிகள் உள்ளன: வெளியேறுவது, அல்லது உள்ளே இருந்து குரல் கொடுப்பது. தமிழகத்து நடுத்தரப் பெற்றோர் எண்பதுகளிலிருந்து முதல் வழியையே தேர்ந்தார்கள். ஆங்கிலவழி நர்சரிகள் பெருகின. மூன்று வயதில் எழுத்து, நான்கு வயதில் வீட்டுப்பாடம், சேர்க்கைக்கு நேர்காணல் என்று ஒவ்வொன்றாக வந்தன. பள்ளிகள் திணித்தன என்று மட்டும் சொல்லிவிட முடியாது. டைரியில் எழுதிய பக்கம் இல்லாவிட்டால் இன்று என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டது வீடு.

சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது பேசியது இந்த விஷயத்தைப் பற்றித்தான். முதுகு வளைய மூட்டை சுமக்கும் குழந்தைகளைப் பற்றிய அந்த உரையின் தாக்கம் 1992-இல் யஷ்பால் குழு அமைவதற்கு ஒரு காரணமாயிற்று. நர்சரிச் சேர்க்கைக்கான தேர்வுகளையும் நேர்காணல்களையும் ஒழிக்க வேண்டும் என்றது 1993-இல் வந்த அக்குழுவின் அறிக்கை. ஒழியவில்லை.

வெளியேறியவர்களைத் திரும்ப அழைக்க அரசு எடுத்த முயற்சி 2019-இல் நடந்தது. அவ்வாண்டு ஜனவரி 21 அன்று, அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின, மாண்டிசோரி முறையில் என்று அறிவிக்கப்பட்டது. அடையாறில் இறங்கிய முறை அங்கன்வாடிக்கு வந்துசேர 80 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை இடம் மாற்றி அனுப்பியதை ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. 2022-இல் அவர்களைத் திருப்பி அழைத்து, குழந்தைகளைப் பழையபடி அங்கன்வாடிப் பணியாளரிடமே விடுவதென முடிவானது. உடனே பெற்றோர் தரப்பிலிருந்தும் அரசியல் கட்சிகளிடமிருந்தும் எதிர்ப்புக் கிளம்பியது. சில நாட்களில் முடிவு மாறியது. தற்காலிகச் சிறப்பாசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஹிர்ஷ்மனின் இரண்டாம் வழி இங்கே பலித்தது. ஆனால் அந்தக் குரல் எதைக் காக்க எழுந்தது? எல்.கே.ஜி. என்ற பெயரை. பக்கத்து அறையில் ஆடிப் பாடிய அங்கன்வாடியும் அதே வயதுக் குழந்தைகளுக்கானதுதான். அதற்காக இப்படியொரு குரல் எழுந்ததில்லை.

சட்டத்தின் இடைவெளி

2002-இல் நிறைவேறிய 86-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 6 முதல் 14 வயதுவரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு 45-ஆம் பிரிவின்கீழ் அரசு ‘முயல வேண்டும்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது. அதே திருத்தம் பெற்றோருக்கு ஓர் அடிப்படைக் கடமையையும் சேர்த்தது. அதுவும் ஆறு வயதிலேதான் தொடங்குகிறது. ஆக மூன்று வயதுக் குழந்தைக்கு உரிமையும் இல்லை, பெற்றோருக்கு அரசியல் சட்டக் கடமையும் இல்லை.

2009-இன் கல்வி உரிமைச் சட்டம் இந்த இடைவெளியை ஓரளவே நிரப்பியது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தமிழக அரசு 2022-இல் இக்குழுக்களைப் புதுப்பித்தது. அரசுப் பள்ளிகளில் அவை இன்று உயிரோடு இயங்குகின்றன. தனித்து இயங்கும் பிளே ஸ்கூலுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டக் கூடாது என்ற 13-ஆம் பிரிவின் நிலையும் ஏறக்குறைய இதுவே. நலிந்த பிரிவினருக்கான 25 விழுக்காட்டு ஒதுக்கீடு தவிர்த்த நர்சரிச் சேர்க்கைக்குச் சட்டம் பொருந்தாது என 2013 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2013-இல் மத்திய அரசு முன்பருவக் கல்விக்கென ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டது. 2015-இல் தமிழக அரசு, சென்னை உயர் நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து, விளையாட்டுப் பள்ளிகளுக்கெனத் தனி விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. தேசிய குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையமும் பின்னர் வழிகாட்டுதல்களை வகுத்தது: 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும், நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம், அடி கூடாது, கண்காணிப்புக் கேமரா, பெற்றோர் ஆசிரியர் கழகம். இவை வேண்டாத விதிகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 பிஞ்சுகளைத் தீக்குக் கொடுத்த மாநிலத்தில் கட்டட விதி முதலில் வருவது இயல்பு. ஆனால் அளக்கக் கூடியவற்றுக்கே விதி பிறக்கிறது. கேமரா இருக்கிறதா என்று ஆய்வாளர் பார்த்துவிடலாம். நான்கு வயதுக் குழந்தையை எழுதவைக்காமல் விளையாடவிடுகிறார்களா, அந்தத் தீர்மானத்தில் பெற்றோரைக் கலந்தார்களா என்பதைப் பார்க்கக் கூட்டத்தின் வருகைப் பதிவேடு போதாது. 2022 அக்டோபரில் வந்த அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டம் விளையாட்டை மையத்தில் வைத்தது, குடும்பத்தின் பங்கைப் பற்றியும் பேசியது. ஆனால் அது வழிகாட்டிதான், வழக்காடப் பயன்படாது.

எஞ்சுவது படிவம். அதற்கு ஒப்பந்தத்தின் வலு உண்டு. பேரம் பேச இடமில்லை. ஊரப்பாக்கம் போன்ற ஊரில் அதன் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். காலை எட்டு மணி ரயிலைப் பிடித்துப் போய் இரவு ஏழுக்குத் திரும்பும் தாய்க்கு நான்கு மணி நேரப் பள்ளியால் பயனில்லை. எனவே பிற்பகலில் பிளே ஸ்கூல் காப்பகமாகிறது. காலையில் ஆசிரியரிடம் இருந்த குழந்தை மதியத்துக்குப் பின் ஆயாவிடம் இருக்கிறது. பெற்றோர் சந்திப்போ வேலைநாளின் காலை பதினொரு மணிக்கு. வாட்ஸ்அப் குழு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. படங்கள் வருகின்றன, அறிவிப்புகள் வருகின்றன, பல குழுக்களில் நிர்வாகி மட்டுமே எழுத முடியும்.

பெற்றோர் உள்ளே நுழையும் உரிமை சட்டத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினால், அது கல்விச் சட்டங்களில் இல்லை. 2017-இல் திருத்தப்பட்ட பேறுகால நலச் சட்டத்தில் அது இடம்பெற்றது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்ய வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே போய்வர அனுமதிக்க வேண்டும். 1907-இல் சான் லொரென்சோவின் தாய்க்கு இருந்த வசதிக்கு இந்தியச் சட்டத்தில் இதுவே மிக அருகில் வருகிறது. இதிலும் தந்தைக்கு இடமில்லை. வேலை கொடுப்பவர் செய்து தரும் காப்பகத்தோடு அந்த உரிமை முடிகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் குடும்பமே தேடிச் சேர்த்த பிளே ஸ்கூலில் யார், எப்போது, எதுவரை உள்ளே வரலாம் என்பதைப் படிவத்தின் நிபந்தனைகளே தீர்மானிக்கின்றன.