மரத்துப்போன கையின் வரலாறு

பெருமாள்மலை பஜாரில் காய்கறி லாரிக்கு லோடு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தோளில் வாங்கிய கேரட் மூட்டையை மேலே தள்ளிவிட்டு, லோடுமேன் அண்ணன் கையை ஒரு உதறு உதறுவார். கேட்டால் "மரத்துப் போச்சு தம்பி" என்பார். பெரும்பாலும் அது ஒன்றுமில்லைதான். மோட்டார் சாலை வருவதற்கு முன்பு துரைமார்களை டோலியில் வைத்து மலையேற்றியவர்களும் இப்படித்தான் உதறியிருப்பார்கள். ஆனால் சிலருக்கு அந்த மரத்துப்போதலுக்குப் பின்னால் ஒரு ரத்தக்குழாய் நசுங்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்.

காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே ஒரு குறுகலான சந்து இருக்கிறது. கைக்குப் போகும் தமனி, திரும்பி வரும் சிரை, நரம்புகள் எல்லாம் அந்தப் பக்கமாகத்தான் போயாக வேண்டும். கொண்டை ஊசி வளைவில் இரண்டு பஸ் எதிரெதிரே வந்து நிற்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்! சிலருக்குப் பிறவியிலேயே கழுத்தில் ஒரு விலா எலும்பு கூடுதலாக இருக்கும். அப்போது இடம் இன்னும் குறையும்.

இந்த எலும்பை முதன்முதலில் வெற்றிகரமாக வெட்டி எடுத்தவர் லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் ஹோம்ஸ் கூட். வருடம் 1861. எக்ஸ்ரே வருவதற்கு 34 வருடம் முன்பு! லிஸ்டரின் கிருமிநாசினி முறைகூட 1867-ல்தான் வந்தது. கையால் தடவிப் பார்த்தே கத்தி வைத்திருக்கிறார் மனிதர். எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

சிரை அடைத்துக்கொள்வது வேறு கதை. கை திடீரென்று வீங்கி நீலம் பாரிக்கும். 1875-ல் ஜேம்ஸ் பேஜெட் இதை எழுதினார், ஆனால் கீல்வாதத்தோடு சேர்த்துவிட்டார். கடும் உழைப்பில் தசை இழுபட்டுச் சிரை காயமாகிறது என்று 1884-ல் சொன்னவர் வியன்னாவின் ஷ்ரோட்டர். இருவர் பெயரும் சேர்ந்து நோய்க்குப் பெயரானது 1949-ல். கூடுதல் எலும்பு இல்லாதவருக்கும் சாதாரண முதல் விலாவே நசுக்கலாம் என்று அதை எடுத்துக் காட்டியவர் மெல்போர்னின் தாமஸ் மர்ஃபி, 1910-ல். அக்குள் வழியாக அதை எடுக்கும் முறையை 1966-ல் ரூஸ் எழுதினார்.

இவ்வளவு தெரிந்த பிறகும் நடந்ததுதான் கொடுமை. ஜே. ஆர். ரிச்சர்ட், அமெரிக்காவின் ஹூஸ்டன் அணியின் பேஸ்பால் வீரர். பந்தை மின்னலாய் எறிபவர். 1980-ல் "கை செத்துப் போன மாதிரி இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சோம்பேறி, நடிக்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின. பரிசோதனையில் தமனி அடைப்பு தெரிந்தும் அறுவை சிகிச்சை வேண்டாம் என்றே முடிவானது. ஜூலை 30-ம் தேதி பயிற்சியின்போது பக்கவாதம் வந்து விழுந்தார். அவருக்கு இருந்தது தமனியைப் பாதிக்கும் இதே நோய் என்பது பிறகுதான் தெரிந்தது. அதன்பின் பெரிய ஆட்டம் எதுவும் ஆட முடியவில்லை. 1990-களில் ஒரு பாலத்துக்கடியில் படுத்துக் கிடந்தார். 2021-ல் காலமானார். கறுப்பர் என்பதும் அவரை நம்பாததற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது என்ன செய்கிறார்கள்? சிரை அடைப்பு என்றால் மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறைந்த ரத்தத்தைக் கரைக்கிறார்கள். வீங்கிய இரண்டு வாரத்துக்குள் போனால் நன்றாகக் கரையும். பிறகு முதல் விலாவை எடுக்கிறார்கள். எலும்பை எடுக்காமல் ஸ்டென்ட் மட்டும் வைத்தால், இரண்டு எலும்புக்கும் நடுவே அது நசுங்கி உடைந்துவிடும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சில மாதம் சாப்பிட வேண்டும். கையை மேலே தூக்கியபடி செய்யும் வேலை, தோள் சுமை இரண்டையும் டாக்டர் சொல்லும்வரை தள்ளிவைக்க வேண்டும். கூலிக்குப் போகிறவருக்கு இந்தக் கடைசி வரிதான் கஷ்டம்.

எங்கள் ஊரில் கை வீங்கினால் முதலில் சுளுக்கு என்பார்கள், தைலம் தேய்ப்பார்கள், உருவி விடுவார்கள். உறைந்த ரத்தம் இருக்கும் கையை உருவவே கூடாது, அது நுரையீரலுக்குப் போய்விடலாம். ஒரு கை மட்டும் வீங்கி நீலமானாலோ, விரல் வெளுத்துச் சில்லிட்டாலோ அன்றைக்கே மதுரைக்கு பஸ் ஏறுங்கள். இறங்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் காலை பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம்.