கருவியும் கையும்

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. வடக்கிற்குக் கொண்டுசெல்லத் தடைவிதிக்கப்பட்ட பொருள்களுள் உலர் மின்கலங்களும் அடங்கின. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. வீடுகளிலே வானொலிப் பெட்டிகள் இருந்தன. அவற்றைப் பேசவைக்கும் ஆற்றல் இல்லை. எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது, பிரிந்துபோன உறவினர் இருக்கும் ஊரின் நிலை யாது என்பவற்றை அறியாமல் ஒரு நாளையும் கழிக்க இயலாத காலம் அது.

அந்நிலையிலே குடாநாட்டு மக்கள் கைக்கொண்ட வழி எளியது. துவிச்சக்கர வண்டியை முற்றத்திலே தலைகீழாக நிறுத்தினர். மிதியைக் கையாற் சுழற்ற, சில்லோடு உராய்ந்து சுழலும் டைனமோ வானொலிக்கு மின்சாரம் ஊட்டியது. ஒருவர் மிதியைச் சுழற்றுவார்; மற்றொருவர் பெட்டியின் குமிழைத் திருகி அலைவரிசையைத் தேடுவார்; அயலவர் சூழ்ந்திருந்து லண்டனிலிருந்து வரும் பி.பி.சி. தமிழோசையையும், பிலிப்பைன்ஸிலிருந்து வரும் வெரித்தாஸ் வானொலியையும் செவிமடுப்பர்.

கருவி மனிதனுக்கு இசைய வேண்டுமா, மனிதன் கருவிக்கு இசைய வேண்டுமா என்பது வானொலி தோன்றுவதற்கு முன்பிருந்தே நடந்துவரும் வழக்கு. தந்தி அலுவலர் மேலும் கீழுமாக அழுத்தும் விசையைக் கொண்டு நாள் முழுதும் மோர்ஸ் குறிகளை அனுப்பினர். ஆண்டுகள் செல்லச் செல்லப் பலருடைய கை மரத்து, விரல்கள் சொற்கேளாமற் போயின. பிரித்தானியாவிலே 1908இல் இது நட்டஈடு பெறத்தக்க தொழில்நோயாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆயினும் 1911இல் அதனை ஆராய்ந்த அரசாங்கக் குழு, ஓயாத களைப்போடு அலுவலரின் நரம்புத் தளர்ச்சியையும் காரணமாகக் கூறிற்று. கருவியின் குறை பாதி, கையின் குறை பாதி என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

கருவியையே மாற்றலாம் என்று எண்ணியவர் அமெரிக்கரான ஹொரஸ் மார்ட்டின். 1904இல் அவர் உரிமம் பெற்ற விசை பக்கவாட்டிலே அசைவது; புள்ளிக் குறிகளை அதிரும் தண்டு தானாகவே தொடுக்கும். கை ஓய்வு பெற்றது, வேகமும் கூடியது. எனினும் பயிலாதவர் கையில் அது அளவுக்கு மேல் புள்ளிகளைச் சிந்துகிறது என்று பழைய விசையிலே தேர்ந்தோர் குறை கூறினர். அமெச்சூர் வானொலியாளர், அதாவது ஊதியம் கருதாமல் ஆர்வத்தினால் வானொலித் தொடர்பு கொள்வோர், இந்த இருவகை விசைகளையும் அவற்றோடு இந்த வாதத்தையும் தமதாக்கிக்கொண்டனர்.

இலங்கையிலும் வானொலிக்கு வித்திட்டோர் இத்தகைய ஆர்வலரே. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹாப்பர், இலங்கையரும் ஆங்கிலேயருமான ஆர்வலரைக் கூட்டி வயர்லெஸ் கழகம் ஒன்றை அமைத்தார். 1923இல் கொழும்பிலே நடந்த பரீட்சார்த்த ஒலிபரப்புக்கு, கைப்பற்றப்பட்ட ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளே பயன்பட்டன. ஒரு தேவைக்குச் செய்ததை மற்றொரு தேவைக்கு இசைவித்துக்கொள்ளும் பழக்கம் இந்நாட்டு வானொலியின் தொடக்கத்திலேயே இருந்தது எனலாம்.

யாழ்ப்பாணத்து முற்றத்தை நினைவூட்டும் மற்றொரு வரலாறு அவுஸ்திரேலியாவிலே உண்டு. அந்நாட்டின் உட்பகுதியிலே பண்ணைகள் ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவில் இருந்தன. நோயுற்றோர் மருத்துவரை அழைக்க வழியின்றி மாண்டனர். ஜோன் பிளின் என்னும் மதகுரு விமான மருத்துவ சேவையை 1928இல் தொடங்கினார். ஆனால், விமானத்தை அழைப்பது எவ்வாறு? மின்கலங்கள் கனமானவை, விலையும் மிகுந்தவை. கையாற் சுழற்றும் மின்பிறப்பாக்கியோ சுழற்றுபவரின் கையைப் பிடித்துக்கொண்டது. அவர் தந்தி விசையைத் தொட இயலவில்லை. அடிலெயிட் நகரத்து அமெச்சூர் வானொலியாளர் அல்பிரட் ட்ரேகர் அந்த வேலையைக் காலுக்கு மாற்றினார். மிதித்து இயக்கும் அவருடைய வானொலி 1929இல் குயின்ஸ்லாந்துப் பண்ணைகளுக்குச் சென்றது. மோர்ஸ் குறிகளைப் பயில முடியாத பண்ணைப் பெண்களுக்காக, தட்டச்சுப் பொறிபோல் எழுத்தைத் தட்டினால் குறியை அனுப்பும் பலகை ஒன்றையும் அவர் பின்னர் ஆக்கிக்கொடுத்தார்.

உழைக்கும் உடலுக்குக் கருவியைப் பொருத்தும் ஆராய்ச்சிக்கு எர்கொனொமிக்ஸ் என்ற பெயரை 1949இல் வழங்கியவர் பிரித்தானிய அறிஞர் மரல். அதற்கு இருபது ஆண்டு முன்னரே ட்ரேகர் அப்பணியைச் செய்து முடித்திருந்தார்.

அதுகாறும் அமெச்சூர் நிலையங்களில் அனுப்பும் பெட்டி வேறு, வாங்கும் பெட்டி வேறாக இருப்பதே பெருவழக்கு. 1957இல் வெளிவந்த கொலின்ஸ் கே.டபிள்யூ.எம்.-1 போன்ற கருவிகள் இரண்டையும் ஒரு பெட்டியில் அடக்கி, ஒரே குமிழால் இரண்டையும் இசைவித்தன. பெட்டி சிறுத்தது, வாதம் பெருத்தது. தனித்தனிப் பெட்டிகளே கைக்கு வசதி என்றனர் சிலர். ஒன்றே போதும், வண்டியிலும் கொண்டுசெல்லலாம் என்றனர் வேறு சிலர். கணிப்பொறி நுட்பம் புகுந்தபின் குமிழ்கள் குறைந்தன. திரைக்குள்ளே பட்டியல்கள் பெருகின. ஒவ்வொரு பணிக்கும் ஒரு குமிழ் இருந்தால் கை தானே அதனை நாடும் என்பது ஒரு கட்சி. குமிழ்கள் நிறைந்த முகப்பு மலைப்பைத் தரும், வேண்டியதை மட்டும் திரை காட்டட்டும் என்பது மறுகட்சி. இவ்விரு கட்சியினரும் மறக்கலாகாத ஒருவர் உளர். அவர் பார்வையற்ற வானொலியாளர். அமெச்சூர் வானொலியில் அத்தகையோர் பலர். தடவி அறியும் குமிழ் அவருக்கு வழிகாட்டி. தடவினால் ஒன்றும் உணர்த்தாத திரையோ மூடிய கதவு. கருவி தன் நிலையைக் குரலிலே சொல்லுமாயின் அக்கதவு திறக்கும்.

மீண்டும் யாழ்ப்பாணத்து முற்றத்திற்கு வருவோம். துவிச்சக்கர வண்டியின் டைனமோ தருவது பொதுவாக ஆறு வோல்ற்று, மூன்று வாற்று. சிறிய வானொலிக்கு அது தாராளம். ஆனால், அது தருவது ஆடலோட்டம்; வானொலி வேண்டுவது நேரோட்டம். ஆதலால் இருவாயிகளும் கொள்ளளவியும் இடையே சேர்க்க வேண்டியதாயிற்று. மிதி தளர்ந்தால் குரல் தேயும். வேகம் மிகுந்தால் மின்னழுத்தம் ஏறிப் பெட்டிக்கே கேடு விளையும். எனவே, சுழற்றும் கைக்கு ஒரு நிதானம் வேண்டியிருந்தது. செய்தி முடியும்வரை அந்தக் கை ஓயவும் கூடாது.

பொறியியல் நூலின்படி பார்த்தால் இது வசதிக்குறைவான கருவி. ஒரு வானொலியைக் கேட்க இருவர் வேண்டும். ஒருவர் களைத்தால் மற்றொருவர் கைமாற வேண்டும். தனித்த பண்ணையிலே ட்ரேகர் நீக்கியே தீர வேண்டியிருந்த குறை இதுவே. ஆயினும், அயலவர் கூடியிருந்து கேட்ட முற்றத்திலே அது பெருங்குறையாகத் தோன்றவில்லை. கைகள் பல இருந்தன. மின்கலம் ஒன்றுதான் இல்லை. இல்லாத பொருளை இருந்த பொருள் ஈடுசெய்தது. அதற்காகப் புதிய கருவி எதுவும் கடல்கடந்து வரவில்லை. வீட்டிலே நின்ற வண்டியே போதியதாயிற்று.

குமிழா, திரையா; ஒரு பெட்டியா, இரு பெட்டியா என்னும் வாதங்களுக்கு ஒரே முடிவு கூற இயலாமைக்குக் காரணமும் இங்கே விளங்கும். வசதி என்பது பெட்டியின் முகப்பிலே மட்டும் எழுதப்பட்டிருப்பதன்று. அதனைத் தொடும் கை யாருடையது, அவருக்குக் கண் தெரியுமா, அவர் தனித்திருக்கிறாரா, எப்பொருள் அவரிடம் இல்லை என்ற கேள்விகளுக்குப் பின்னரே எது வசதி என்பது தெளிவாகும். மின்சாரம் மீண்டபின் துவிச்சக்கர வண்டிகள் நிமிர்ந்து தெருவுக்குச் சென்றன. அன்று மிதியைச் சுழற்றிய சிறுவர்கள் இன்று நடுவயதினர். செய்தி நேரத்திலே கை நோவதையும் பொருட்படுத்தாது சுழற்றிய அந்த மாலைகள் அவர்கள் நினைவிலே இருக்கின்றன.