கம்பம் பள்ளத்தாக்கில் ஆர்மோனியத்தின் குரல்

திருச்சபை வரலாற்றை எழுதப் புகுவோர் பத்திரங்களையும் பதிவேடுகளையும் தேடுவர். ஆலயத்தின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் இசைக்கருவியை ஆவணமாகக் கருதுவோர் சிலரே. 1996இல் மதுரை மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்திலும், அதன் தென்பகுதியாகிய கம்பம் பள்ளத்தாக்கிலும் மக்கள் எவ்வாறு பாடினர் என்பதை அறிய ஆர்மோனியம் நல்லதொரு சாட்சி எனலாம்.

இக்கருவியின் உயிர் அதன் உள்ளிருக்கும் உலோக நாக்கு. ரீடு என வழங்கும் அது காற்றின் விசையால் தன் துளையினூடே அதிர்ந்து ஒலிக்கிறது. சீன நாட்டின் பண்டைய செங் என்னும் கருவியின் தத்துவமும் இதுவே. பாரிஸ் நகரத்துத் தெபேன் 1842இல் ஆர்மோனியத்திற்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் வீட்ஸ்டன் 1844இல் கான்சர்டினாவிற்கு உரிமை பெற்றார். இரட்சணிய சேனையார் தெருப் பிரசங்கங்களில் ஏந்திச் சென்றது இதனையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ், காலால் மிதிக்கும் ஆர்மோனியத்தைத் தரையில் அமர்ந்து கையால் இயக்கும் பெட்டியாக மாற்றியமைத்தார். நம் நாட்டில் அது பரவியதற்கு இம்மாற்றமே காரணம்.

மதுரைப் பகுதியில் அமெரிக்க மிஷன் 1834இல் பணி தொடங்கியது. அம்மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார்; தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் சிறப்பிடம் பெற்றன. மேனாட்டு ராகங்களில் அமைந்த ஞானப்பாட்டுகளுக்குப் பக்கத்தில் நம் இராகங்களும் தாளங்களும் ஆராதனையில் இடம்பெற இது வழி வகுத்தது. பாய் விரித்து அமர்ந்த சபையார் நடுவே, இடக்கையால் துருத்தியை இயக்கி, வலக்கையால் கட்டைகளைத் தொட்டு, பாடவும் செய்யத்தக்க கருவி கிராமச் சபைக்கு ஏற்றதாயிற்று.

ஆலயத்திற்கு வெளியேயும் அதற்கு மதிப்பிருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடக மேடைகளில், ஒலிபெருக்கியின்றி விடியுமளவும் நடிகரின் குரலைத் தாங்கியது ஆர்மோனியமே. கமகங்களுக்கு அது இசையாது என்று கூறி அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கியது. பல்லாண்டுகள் கழித்தே அத்தடை தளர்ந்தது. ஆயினும் கிராமங்கள் அதனைக் கைவிடவில்லை. இப்பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன் 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தம் பாடல்களால் மலைத்தோட்டத் தொழிலாளரைக் கவர்ந்தார். அவருடன் மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்த இளவல் இளையராஜாவை நாடே அறியும்.

இன்று நம் சபைகளில் கேட்கப்படும் குறை, “பழைய பெட்டியில் சத்தம் போதாது” என்பதே. சத்தம் குறைவதன் காரணங்களை நாம் ஆராய்தல் வேண்டும். முதலாவது, காற்றுக் கசிவு. துருத்தியின் மடிப்புகளிலும் அடைப்பான்களின் தோலிலும் விரிசல் கண்டால், காற்று ரீடை அடையுமுன் வீணாகும். துருத்தியை நிரப்பி, கட்டை எதனையும் அழுத்தாமல் விட்டு, அது எவ்வளவு நேரம் தாங்குகிறது என நோக்கினால் இது விளங்கும். இரண்டாவது, ரீடின் நிலை. நாக்கிற்கும் துளையின் விளிம்பிற்கும் இடைவெளி மிகுந்தால் ஒலி மெலியும். நாக்கின் நுனி மிகத் தாழ்ந்திருந்தால் பலத்த காற்றில் அது அடைபடும், மிக உயர்ந்திருந்தால் மெல்லிய காற்றில் பேசாது. மூன்றாவது, ஆடிக் காற்றின் தூசியும் மழைக்கால ஈரமும். தூசியின் ஒரு துகளே ரீடை ஊமையாக்கும். ஈரத்தால் பலகை உப்பி இறுகும். நான்காவது, மூடியும் கூரையும். மேற்பலகையைத் திறந்தால் ஓசை கூடும். ஓட்டுக் கூரையின்கீழ் கேட்பது போலக் காங்கிரீட் தளத்தின்கீழ் கேட்பதில்லை.

ஆகவே பழுது பார்ப்போர் கசிவை அடைத்தலிலும் தூசி நீக்குதலிலும் தொடங்குவதே முறை. ரீடின் நுனியை அரத்தால் தேய்த்தால் சுருதி ஏறும். அடிப்பக்கத்தைத் தேய்த்தால் இறங்கும். ஆனால் தேய்ந்த பித்தளை மீண்டும் வளராது. அவசரப்பட்டு அரத்தை எடுப்போர் பல தலைமுறைகளின் குரலை ஒரு மணி நேரத்தில் அழித்துவிடக்கூடும்.

இன்னொன்றும் சிந்திக்கற்பாலது. மின்விசைப் பலகையும் ஒலிபெருக்கியும் வந்தபின், வாத்தியம் உரத்து ஒலிக்கச் சபையார் வாய்மூடிக் கேட்கும் நிலை பல இடங்களில் உருவாகியுள்ளது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் குழலையும் சுரமண்டலத்தையும் எடுத்துக்காட்டும்போது, அவன் நாடுவது ஓசையின் பெருக்கத்தை அன்று, அதன் தெளிவையே. நன்கு செப்பனிடப்பட்ட ஆர்மோனியம் ஐம்பது பேர் கூடிய சபையைத் தாங்கப் போதுமானது. அவர்களை அடக்கிவிட அதற்கு வலிமையில்லை. அதன் குறையெனக் கூறப்படும் இதுவே ஆராதனைக்கு அதன் நிறைவு. பழைய பெட்டியை விலைக்குப் போடத் தீர்மானிக்கும் கமிட்டி, அதற்குமுன் ஒருமுறை அதன் துருத்தியைத் திறந்து பார்ப்பது நலம்.