நிறுத்தம், விலக்கல், நீக்கல்... எல்லாம் ஒன்றா?

ஆங்கில அகராதியில் 'ஸ்டாப்' என்ற சொல்லைத் தேடினால், பக்கத்திலேயே சீஸ், ஹால்ட், குவிட், சஸ்பெண்ட், டெர்மினேட் என்று ஒரு பட்டாளமே வரிசையில் நிற்கும். பள்ளிக்கூடப் பரீட்சையில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்தான். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் பொருத்தினால் ஒரு மதிப்பெண், அவ்வளவுதான். ஆனால் வேலை, சம்பளம் என்று வந்துவிட்டால் கதையே வேறு! எந்தச் சொல் பொருந்தும் என்ற வழக்கில் நஷ்டஈட்டை இழந்தவர்களும் உண்டு, போன வேலையைத் திரும்பப் பெற்றவரும் உண்டு.

முதலில் இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடுவோம்.

'ஸ்டாப்' என்பதன் பழைய பொருள் 'அடைப்பது'. சணல் நார்க் கழிவைக் குறிக்கும் 'ஸ்டுப்பா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதே பொதுவாக ஏற்கப்படும் கருத்து. ஓட்டையில் நாரைத் திணித்தால் தண்ணீர் நின்றுவிடும் இல்லையா, அதுதான் விஷயம். பாட்டில் மூடிக்கு 'ஸ்டாப்பர்' என்று இன்றும் பெயர் இருப்பது இதனால்தான். 'சீஸ்' (சாப்பிடுகிற சீஸ் அல்ல!) பிரெஞ்சு வழியாக வந்தது. 1066-ல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி உட்கார்ந்துகொண்டது. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாடலாம் என்று சட்டம் வரவே 1362 ஆகிவிட்டது. அதனால்தான் தெருவில் 'ஸ்டாப்', ஆணைப் பத்திரத்தில் 'சீஸ்' என்ற பிரிவு இன்றுவரை தொடர்கிறது. 'ஹால்ட்' ஜெர்மன் மூலத்திலிருந்து வந்த பட்டாளத்துச் சொல். பங்குச் சந்தையில் வர்த்தகத்தைச் சற்று நேரம் நிறுத்தி வைப்பதற்கும் இதுவே பெயர்.

'ஸ்டிரைக்' இன்னும் சுவாரசியம். கப்பலில் பாயை இறக்குவதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்டிரைக்' என்பார்கள். 1768-ல் லண்டன் துறைமுகத்து மாலுமிகள் கூலி உயர்வு கேட்டு, கப்பல்களின் பாய்களை இறக்கிப் போட்டார்கள். கப்பல் நகரவில்லை. பாயை இறக்கிய சொல், வேலையை நிறுத்துவதற்கே பெயராகிவிட்டது. தொழிலாளி நிறுத்தினால் ஸ்டிரைக், அதையே முதலாளி செய்து கேட்டைப் பூட்டினால் லாக்-அவுட். தமிழில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொழிலாளி தானாகச் செய்வது 'வேலைநிறுத்தம்', அவரை வீட்டுக்கு அனுப்பினாலும் 'வேலையை விட்டு நிறுத்திட்டாங்க'. இரண்டுக்கும் ஒரே வினை! யார் நிறுத்தினார்கள் என்பதை வாக்கியத்தில் தேடித்தான் எடுக்க வேண்டும்.

விலக்கி வைப்பதற்கும் ஒரு சொல் இப்படித்தான் பிறந்தது. 1880-ல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், சார்லஸ் பாய்காட் என்ற பண்ணை நிர்வாகியை ஊரே ஒதுக்கி வைத்தது. வேலைக்கு ஆள் வரவில்லை, கடையில் சாமான் கொடுக்கவில்லை. கடைசியில் வெளியூரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து, ராணுவக் காவலோடு அறுவடை செய்தார்கள். விளைச்சலின் மதிப்பைவிடக் காவல் செலவு பல மடங்கு. அவர் பெயரே அந்தச் செயலுக்கு நிலைத்துவிட்டது. பாவம்தான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

ஐ.டி. கம்பெனிகள் ஆட்களை அனுப்பும்போதெல்லாம் பத்திரிகைகள் 'லே-ஆஃப்' என்றே எழுதுகின்றன. ஆனால் இந்தியச் சட்டத்தில் லே-ஆஃப் என்றால் வேலை போவது அல்ல. நிலக்கரி இல்லை, மின்சாரம் இல்லை, சரக்கு தேங்கிவிட்டது, இயந்திரம் பழுது என்ற காரணங்களால் தற்காலிகமாக வேலை கொடுக்க முடியாத நிலைதான் அது. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் அப்படியே இருக்கும். நிரந்தரமாக அனுப்புவதற்குப் பெயர் 'ரிட்ரெஞ்ச்மெண்ட்', நம் வழக்கில் ஆட்குறைப்பு. வெட்டுவது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. பதுங்குகுழிக்குச் சொல்லும் 'டிரெஞ்ச்' இதற்கு உடன்பிறப்பு. 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தில் இந்த இரண்டு சொற்களும் 1953-ல் திருத்தத்தின் மூலம் நுழைந்தன. லே-ஆஃப் என்றால் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி. ரிட்ரெஞ்ச்மெண்ட் என்றால் வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். சொல் மாறினால் பணம் மாறும்.

சண்டை உடனே ஆரம்பித்துவிட்டது. ஆலையையே மூடிவிட்டால் அது ரிட்ரெஞ்ச்மெண்டா? பார்சி லைட் ரயில்வே அரசு கைக்குப் போனபோதும், பரோடாவில் ஒரு ஆலை மூடப்பட்டபோதும் தொழிலாளர்கள் நஷ்டஈடு கேட்டார்கள். 1956 நவம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. நடந்துகொண்டிருக்கும் தொழிலில் உபரி ஆட்களைக் குறைப்பதுதான் ரிட்ரெஞ்ச்மெண்ட், தொழிலே நின்றுபோனால் அந்தச் சொல் பொருந்தாது என்பது தீர்ப்பு. அகராதிப்படி நியாயம்தான். ஆனால் வேலை போனவனுக்கு ஆலை ஓடினால் என்ன, மூடினால் என்ன? நாடாளுமன்றமும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். 1957-ல் மூடலுக்கும் கைமாறலுக்கும் நஷ்டஈடு உண்டு என்று சட்டத்தைத் திருத்தி, அதை 1956 நவம்பர் 28 முதல், அதாவது தீர்ப்புக்கு மறுநாளிலிருந்தே, செல்லும்படி செய்தது!

அடுத்தது 1976. பாரத ஸ்டேட் வங்கியில் ஒருவர் தற்காலிகமாக விட்டு விட்டு வேலை பார்த்தார். கடைசி நியமனம் 9 நாட்களுக்கு மட்டும். அந்தக் காலம் முடிந்ததும் வேலை தானாகவே 'சீஸ்' ஆகும் என்று ஆணையில் எழுதியிருந்தார்கள். நாங்கள் யாரையும் நீக்கவில்லை, அதுவாக முடிந்தது என்பது வங்கியின் வாதம். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதை ஏற்கவில்லை. எந்தக் காரணத்தினால் ஆனாலும் சரி என்று சட்டம் சொல்லும்போது, தானாக முடிவதும் முடிவுதானே என்றார். விட்டு விட்டுப் பார்த்த வேலையைக் கூட்டினால் 240 நாள் கணக்கும் வந்தது. ஆக, அது ரிட்ரெஞ்ச்மெண்ட். அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

தொழிலாளர் பக்கம் இது பெரிய வெற்றிதான். ஆனால் நீடித்ததா? 1984-ல் வந்த இன்னொரு திருத்தம், ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விடுவது ரிட்ரெஞ்ச்மெண்டில் சேராது என்று ஒரு வரியைச் செருகியது. 'சீஸ்' பின்வாசல் வழியாக மறுபடியும் உள்ளே வந்துவிட்டது. 1990-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு ரிட்ரெஞ்ச்மெண்டின் விரிந்த பொருளை உறுதி செய்தபோதும், அந்த வரி விதிவிலக்காகவே நின்றது.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. லே-ஆஃப், ரிட்ரெஞ்ச்மெண்ட், குளோஷர் மூன்றும் அப்படியே இருக்கின்றன, குறிப்பிட்ட கால ஒப்பந்த விதிவிலக்கும் இருக்கிறது. 'ஸ்டிரைக்' மட்டும் கொஞ்சம் அகலமாகியிருக்கிறது. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சொல்லிவைத்தாற்போல் தற்செயல் விடுப்பு எடுத்தால், இனி அதுவும் ஸ்டிரைக்தான். லண்டன் மாலுமிகளுக்கு இறக்குவதற்குப் பாயாவது இருந்தது!